காய் விட்ட வருடம்

பங்குதாரர் ஆகிறாயா என்று கேட்டால் யாரும் ஒரு வாரம் அவகாசம் கேட்க மாட்டார்கள். நிறைமதி கேட்டாள்.

ஹெப்சிபா மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மேகநாதன் அசோசியேட்ஸின் தலைமை வழக்கறிஞர் அவர். நாசரேத்தை விட்டு வந்து முப்பது வருடமாகியும் கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

"ஏம்மா, கொழுப்பா? இந்த ஆபீஸ்ல முப்பது வயசுல யாரும் பங்குதாரர் ஆனதில்ல. நானே நாப்பத்திரண்டுலதான் ஆனேன். இத விட்டா அடுத்த எடம் எப்பம் காலியாகும்னு கர்த்தருக்குத்தான் தெரியும்."

"தெரியும் மேடம். வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."

"மாப்பிள்ளை பாக்காங்களா?"

"இல்ல மேடம். தம்பி."

மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கோபம் போன இடம் தெரியவில்லை. "ஏணியா?" என்றார்.

நிறைமதி தலையாட்டினாள்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் கேசவ் விடவில்லை. கேசவின் அப்பா வக்கீல், தாத்தா வக்கீல். அலுவலகத்திலேயே மிகக் குறைந்த எண் அவனுடையதுதான். கடந்த தூரம்: மூன்று.

"அந்த மூணும் எங்க கொள்ளுத்தாத்தா போட்ட பிச்சை" என்பான். "ஒரு வருஷம் மளிகைக் கடையில பொட்டலம் கட்டினாராம். மகராசன், நூறு வருஷம் கழிச்சு எனக்கு மூணு மார்க் வாங்கிக் குடுத்துட்டார்."

அலுவலகத்தில் அவனுக்குப் பட்டப்பெயரே சைபர். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டான்.

"சொல்லு மதி. உன் தம்பிக்கு இப்ப எவ்வளவு வரும்?"

"அறுபத்தி ஆறு, அறுபத்தி ஏழு."

"நீ பங்குதாரர் ஆனா?"

"நாப்பதுக்குப் பக்கத்துல விழும்."

கேசவ் தயிர்சாதத்தில் கையை வைத்தபடி அப்படியே இருந்தான்.

ஏணி வந்து பதினாறு வருடமாகிறது. சட்டம், தணிக்கை, மருத்துவம், கட்டடக்கலை என்று எந்தப் பெரிய நிறுவனமானாலும் புதிதாக எடுக்கும் ஆட்களில் பாதிப் பேரை ஏணி வழியாகத்தான் எடுக்க வேண்டும். அந்த இயந்திரம் ஒருவர் இப்போது எங்கே நிற்கிறார் என்று பார்ப்பதில்லை. எங்கிருந்து கிளம்பினார் என்று பார்க்கிறது. அப்பா அம்மா செய்த வேலை, படித்த பள்ளி, தெருவில் தண்ணீர் வருகிற நேரம், வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்ததா, ஒரு சிக்கல் என்றால் போனில் கூப்பிட்டுக் கேட்க யார் இருந்தார்கள், இப்படி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து நூற்றுக்கு ஒரு எண் சொல்லும். அதுதான் கடந்த தூரம். அறுபதைத் தொட்டவர்கள் ஏணிப் பட்டியலில் வருவார்கள். அந்தப் பட்டியலுக்குள் தேர்வு மதிப்பெண் பேசும். மீதிப் பாதி இடங்களுக்குப் பொது வாசல். அங்கே எண் கேட்பதில்லை. ஆனால் தேர்வு கடுமையானது, நேர்காணல் அதைவிடக் கடுமையானது. பெரும்பாலும் கேசவ்கள்தான் அதில் நுழைவார்கள்.

ஏணியைக் குறை சொல்ல நிறைமதிக்கு வாய் வராது. தொண்ணூற்று மூன்று என்ற எண்ணோடு இதே வாசலில் ஏறி வந்தவள் அவள். முதல் நாள் இரவல் செருப்போடு வந்தபோது வரவேற்பறைக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி திறந்து கிடந்தது. உள்ளே எல்லா அளவிலும் கறுப்புக் கோட்டு, கறுப்பு ஷூ. யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அவளுக்கு முன்னால் ஏணி வழியாக வந்தவர்கள் ஏற்படுத்திய வழக்கம் அது. இன்றைக்கு அந்த அலுவலகக் கூட்டங்களில் தூத்துக்குடித் தமிழும் தர்மபுரித் தமிழும் தயங்காமல் வாதம் செய்கின்றன. கட்சிக்காரர்களும் பழகிவிட்டார்கள். நிறுவனம் முன்னைவிட அதிக வழக்குகளை ஜெயிக்கிறது.

"என்ன பண்ணப் போற?" என்றான் கேசவ்.

"எங்க தெருவுல இதுக்கு ஒரு வழி வெச்சிருக்காங்க. காய் விடறது."

கேசவ் சுண்டுவிரலை நீட்டிக் காட்டினான். "சின்னப் பசங்க சண்டை போட்டு விடுவாங்களே, அதுவா?"

"அதேதான். ஆனா ஒரு வருஷத்துக்கு."

கேசவ் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

*

வியாசர்பாடியில் நிறைமதியின் வீடு இருந்த தெருவில் ஏழெட்டு வீடுகளில் அந்த வருடம் காய். விண்ணப்பிக்கிறவர் ஒரு வருடத்துப் போன் விவரங்களை ஏணிக்குத் திறந்துகாட்ட வேண்டும் என்பது சட்டம். மேலே போன அண்ணனோ அக்காவோ அதில் தென்பட்டால் எண் இறங்கும். அதனால் முதலில் ரேஷன் கார்டைப் பிரிப்பார்கள். பிறகு மேலே போனவர் வேறு வீடு பார்த்துப் போவார். பிறகு பேச்சை நிறுத்துவார்கள். ஏணி எதைப் பார்க்கும், எதை விடும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். எதிர்வீட்டு அண்ணன் தம்பி இருவரும் ஒரே டீக்கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள்.

"நான் வேணாம்னு சொல்லிடறேன்" என்றாள் நிறைமதி. "நாலு வருஷம் கழிச்சு வரட்டும் பங்கு."

தம்பி மகிழன் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான். பகலெல்லாம் வண்டிகளுக்கு மின்னேற்றும் நிலையத்தில் வேலை, சாயங்காலம் மாலைநேரச் சட்டக் கல்லூரி. வகுப்பு முடிந்து பேருந்து நிறுத்தத்திலிருந்து தினமும் அக்காவைக் கூப்பிடுவான். அன்றைய பாடத்தில் ஒரு சந்தேகமாவது இருக்கும். இல்லாவிட்டால் உண்டாக்கிக்கொள்வான்.

"உனக்கு லூசாக்கா? எனக்காக நீ உட்கார்ந்துட்டா, நாளைக்கு எனக்குப் பொறக்கறதுக்காக நான் உட்காரணுமா? அப்புறம் இந்த வீட்ல யார்தான் எழுந்து நிக்கறது?"

அம்மா செங்கேணி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கொடுங்கையூரில் பழைய பேட்டரி பிரிக்கும் கொட்டகையில் இருபது வருடம் வேலை பார்த்தவள். விரல் நுனிகளில் அமிலத் தழும்பு.

"கார்ட பிரிச்சுடலாம்" என்றாள். "நாளைக்கே போறேன். ரெண்டு பேரும் காய் வுட்டுக்கங்க."

"ஒரு வருஷம்மா" என்றாள் நிறைமதி.

"நீங்க ரெண்டு பேரும் சின்னதுல ஒரு பம்பரத்துக்காக ஒரு மாசம் பேசாம இருந்தீங்க. நான் என்ன செத்தா பூட்டேன்? ஆனா ஒண்ணு. இவன் சொன்னான், அவ சொன்னான்னு என்னாண்ட தூது வரக்கூடாது. நான் இன்னா கூரியரா?"

நிறைமதி இதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அவள் எதையும் மூன்று தடவை சரிபார்க்கிறவள். சரிபார்த்த பிறகும் எங்கோ தப்பு செய்திருக்கிறோம் என்று நினைக்கிறவள். ஆனால் கணக்கு ஒன்றுதான் வந்தது: காய் விட்டால் பங்கும் உண்டு, இடமும் உண்டு.

மகிழன் சுண்டுவிரலை நீட்டினான். அவள் தன் சுண்டுவிரலால் தொட்டாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. வாசலைத் தாண்டும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

*

நிறைமதி கிண்டிக்குக் குடிபோனாள். பங்குதாரர் ஆனாள். கண்ணாடிக் கதவில் அவள் பெயர் ஏறியது. அதைப் படம் எடுத்தாள். அனுப்ப விரல் போனது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வேலையில் அவளுக்குத் தயக்கம் குறைந்தது. துறைமுகத் தொழிலாளர் வழக்கை அவள்தான் நடத்தி ஜெயித்தாள். ஆனால் மகிழன் கூப்பிடுகிற நேரம் வந்தால் பேச்சு நடுவில் அறுந்துவிடும். யாராவது ஒப்பந்தச் சட்டத்தில் எளிய கேள்வி கேட்டால் தேவைக்கு மேலே இரண்டு மடங்கு விளக்குவாள். கேட்ட ஜூனியர் பயந்து போவான்.

ஐப்பசி மழைக்காலத்தில் ஒருநாள் மெட்ரோவில் அவனைப் பார்த்தாள். கதவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சட்டை வேறு யாருடையதோ போலத் தொங்கியது. அவனும் பார்த்தான். ஒரு நொடிதான். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டான்.

அம்மாவைக் கூப்பிட்டாள். "இன்னாம்மா ஆச்சு அவனுக்கு?"

"டெங்கு. ஒம்பது நாள் ஆஸ்பத்திரி. இப்ப தேவலாம்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ ஓடியாருவேன்னு சொல்லக்கூடாதுன்னான். ரத்தம் ஏத்தற நேரத்துலயும் சுண்டுவிரல நீட்டிக் காட்டறான், காயாம். நான் அழுவறதா சிரிக்கறதா?"

 

*

முடிவு வந்தது. மேகநாதன் அசோசியேட்ஸுக்கே விண்ணப்பித்திருந்த மகிழனின் கடந்த தூரம் நாற்பத்தி நான்கு.

சட்டப்படி ஏணி காரணத்தை எளிய தமிழில் சொல்லியாக வேண்டும். இப்படிச் சொல்லியிருந்தது: "விண்ணப்பதாரர் தன் சகோதரியுடன் ஒரு வருடம் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளவில்லை. நோயுற்றபோதும் இல்லை. சண்டை நடந்ததற்கான அடையாளமும் இல்லை. இவ்வளவு கட்டுப்பாடாக ஒரு திட்டத்தை நடத்துகிற வீட்டில் விதிகளை நன்றாக அறிந்த, விண்ணப்பதாரர்மேல் மிகுந்த அக்கறை கொண்ட ஒருவர் இருக்கிறார்."

கேசவ் அதை இரண்டு தடவை படித்தான். "காய் விட்டதே நீ இருக்கிறதுக்குச் சாட்சின்னு சொல்லுது. பேசியிருந்தாலும் இதே நாற்பத்தி நாலுதான் வந்திருக்கும், மதி."

"தெரியும்."

"இந்த இயந்திரத்தை எங்க தாத்தா ஜூனியரா வெச்சிருந்தா சந்தோஷமா செத்திருப்பார்."

நிறைமதி சிரிக்கவில்லை. மேல்முறையீட்டுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. விண்ணப்பதாரர் தனக்குத் துணையாக ஒருவரை அழைத்து வரலாம். மகிழன் அம்மா மூலம் ஒரே ஒரு செய்தி அனுப்பினான். "அக்காவ வரச் சொல்லு." செங்கேணி அந்தத் தூதுக்கு மட்டும் மறுப்புச் சொல்லவில்லை.

நிறைமதி தொழிலில் இறங்கினாள். பழைய மேல்முறையீடுகள் அத்தனையும் படித்தாள். வாதத்தைக் கட்டினாள், உடைத்தாள், மறுபடி கட்டினாள். கேசவை ஏணியாக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள். கடைசி ஒத்திகையில் அவன் இரண்டு கையையும் தூக்கித் தோல்வியை ஒத்துக்கொண்டான். அவள் தொழிலில் எழுதிய மிக நல்ல வாதம் அது. அவளுக்கே அதில் சந்தேகம் வரவில்லை.

*

சேப்பாக்கத்தில் ஏணி மையத்தின் காத்திருப்புக் கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். மகிழன் முன்னாலேயே வந்திருந்தான். நிறைமதி அவன் பக்கத்தில் உட்காரப் போனவள், தயங்கி, ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள்.

"முடிஞ்சுதா காய்?" என்றாள் முன்னால் பார்த்தபடி.

"மேல்முறையீடு முடியறவரைக்கும் பேசாம இருக்கறது நல்லதுன்னு எதிர்வீட்டு அண்ணன் சொன்னாரு" என்றான் அவனும் முன்னால் பார்த்தபடி.

"சரி."

நடுவில் காலியாக இருந்த நாற்காலியில் ஒரு பெண் வந்து பொத்தென்று உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். நிறைமதியின் கறுப்புக் கோட்டு பயமுறுத்தியதோ என்னவோ, மகிழன் பக்கம் திரும்பினாள்.

"மேல்முறையீடாண்ணா?"

"ஆமா. நீ?"

"எனக்கு அளவு வந்துடுச்சு. எண்பத்தொம்பது. எண்ணூர்லேர்ந்து வரேன், பேரு பெனிலா. மேகநாதன் அசோசியேட்ஸ்ல கடைசி ஏணி சீட்டு. கடைசின்றதால உறுதி இல்லையாம். யாரோ ஒருத்தர் மேல்முறையீட்டுக்கு வராராம். அவர் எண் அறுபதைத் தொட்டா, மார்க்ல அவர்தான் எனக்கு மேல. நான் அவுட்டு. அதான் என்ன ஆவுதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

மகிழன் மடியிலிருந்த மேல்முறையீட்டுக் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தான். நிறைமதி தன் காலணியைப் பார்த்தாள்.

பெனிலா பேச்சை நிறுத்துகிற வகை இல்லை. "எங்க தெருவுல எல்லாம் யாரும் இதுக்கு வந்ததில்லண்ணா. இங்க வந்தா எல்லாரும் காய் காய்னு பேசிக்கறாங்க. நீங்க யார்கிட்ட விட்டீங்க?"

"எங்க அக்காகிட்ட."

"குடுத்து வெச்சவரு" என்றாள் பெனிலா. கேலி இல்லை, உண்மையாகவே சொன்னாள். "எனக்குக் காய் விடறதுக்குக்கூட ஆளில்ல."

மகிழனின் வரிசை எண்ணைக் கூப்பிட்டார்கள்.

*

அறை சின்னது. ஒரு மேசை, ஒரு திரை, பக்கத்தில் ஒரு மைய அலுவலர். ஏணியின் குரல் ரயில் நிலைய அறிவிப்புபோல அவசரமில்லாமல் இருந்தது.

"விண்ணப்பதாரரின் சார்பில் யார் பேசுகிறீர்கள்?"

நிறைமதி எழுந்தாள். வாதத்தின் முதல் வரி நாக்கு நுனியில் இருந்தது.

"அக்கா, ஒரு நிமிஷம்" என்றான் மகிழன். திரையைப் பார்த்தான். "நான் ஒண்ணு கேக்கலாமா? எங்க அக்கா பேரு நிறைமதி. ஒம்பது வருஷம் முன்னாடி அவங்களை அளந்தது நீதான். அவங்க அளவையும் என் அளவையும் பக்கத்துல பக்கத்துல காட்டு."

"அதற்கு அவருடைய சம்மதம் வேண்டும்."

நிறைமதிக்கு ஒன்றும் புரியவில்லை. வாதத்தில் இப்படி ஓர் இடம் இல்லை. "சம்மதம்" என்றாள்.

திரையில் இரண்டு பத்திகள் வந்தன. அதே அம்மா, அதே தெரு, அதே மாநகராட்சிப் பள்ளி. தண்ணீர் வரும் நேரம்கூட ஒன்றுதான். வரிக்கு வரி ஒன்றாகவே இறங்கி வந்து ஓரிடத்தில் பிரிந்தன. பாடத்தில் சந்தேகம் வந்தால் கேட்க ஆள், சிக்கலில் கூப்பிட ஆள், இந்த வழியில் முன்னால் போன ஆள். நிறைமதியின் பத்தியில் மூன்றுக்கும் நேராக "எவருமில்லை" என்று இருந்தது. மகிழனின் பத்தியில் மூன்றுக்கும் நேராக "அக்கா".

தொண்ணூற்று மூன்று. நாற்பத்தி நான்கு.

மகிழன் இரண்டு எண்களையும் விரலால் தொட்டான். பிறகு திரும்பினான். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இதுல எதுக்கா பொய்? இது தப்புன்னு வாதாடி ஜெயிக்கணும்னா, நீ எனக்கு ஒண்ணும் செய்யலன்னு நீயே நிரூபிக்கணும். அதை நான் பக்கத்துல உக்காந்து கேக்கணுமா?"

"மகிழா, சட்டப்படி இதுல ஒரு ஓட்டை..."

"இருக்கும். நீ கண்டுபிடிச்சிருப்ப. ஜெயிச்சும் காட்டுவ. ஜெயிச்சா அந்தப் பொண்ணு அவுட்டு. அவ பத்தியைக் காட்டச் சொல்லு, உன் பத்தி மாதிரியே இருக்கும்."

அவன் அலுவலரிடம் திரும்பினான். "மேல்முறையீட்டை வாபஸ் வாங்கிக்கறேன் சார். பொது வாசல்ல எழுதறேன்."

நிறைமதி நின்றபடியே இருந்தாள். இவ்வளவு நாளும் அந்த எண் இறங்காமல் பிடித்துவைக்கப் பார்த்தவள் அவள். கிண்டியில் தனியாகச் சமைத்துத் தின்றதும், டெங்குவில் கிடந்தவன் அவளிடம் மறைத்ததும் அதற்காகத்தான். தனக்குப் பின்னால் வருகிறவனுக்கு அந்த எண் குறைய வேண்டும் என்றுதான் முதலில் இந்தப் படியில் கால் வைத்தோம் என்பதை மறந்தே போயிருந்தாள். மூன்று தடவை சரிபார்த்த கணக்கில் தப்பு அங்கேதான் இருந்தது.

"வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று ஏணி அவளைக் கேட்டது.

"இல்லை" என்றாள். "அளவு சரி."

வெளியே வந்ததும் மகிழன் பெனிலாவின் முன்னால் நின்றான். "சீட்டு உறுதிம்மா. வீட்டுக்குப் போ. முதல் நாள் வரும்போது வரவேற்பறை பக்கத்துல ஒரு அலமாரி இருக்கும். கோட்டு எடுத்துக்கலாம், யாரையும் கேக்க வேண்டாம்."

பெனிலா வாயைப் பிளந்து அவனையும் நிறைமதியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்த ஒருத்தர் நீங்களாண்ணா? அப்ப இவங்க..."

"நான் காய் விட்ட ஆளு" என்றான் மகிழன்.

படியிறங்கும்போது நிறைமதிக்குக் கோபம் வந்தது. ஒரு வருடத்துக் கோபம். "டேய், ஒரு மாசம் உசுர விட்டு வாதம் தயார் பண்ணேன்டா. ஒரு வரி பேச விட்டியா? டெங்குன்னு ஒரு வார்த்தை சொன்னியா? இப்ப பொது வாசலாம். அதுல ஒப்பந்தச் சட்டத்துலயே பாதிப் பேரைக் கழிச்சுடுவாங்க, தெரியுமா?"

"தெரியும். ஆனா அதுல யார்கிட்ட வேணா கேட்டுப் படிக்கலாமாமே. யாரும் போனைப் பாக்க மாட்டாங்களாமே."

அவன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டினான். பழம்.

அவள் தொட்டாள். பிறகு அவன் தலையில் ஒன்று போட்டாள்.

*

அந்த மாதமே பேருந்து நிறுத்தத்திலிருந்து போன் வர ஆரம்பித்தது. ஒரு வருடத்துச் சந்தேகங்களைச் சேர்த்துவைத்திருந்தான். கேசவ் வலிய வந்து நேர்காணல் ஒத்திகை நடத்தினான். "எங்க வீட்ல மூணு தலைமுறையா டைனிங் டேபிள்ல சொல்லிக்குடுத்ததெல்லாம் இதுதான்" என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். அம்மா இரண்டு கார்டையும் ஒன்றாக்கப் போய், முடியாது என்ற பதிலைக் கேட்டு, அலுவலகத்தில் சண்டை போட்டுத் திரும்பினாள்.

பொது வாசலில் மகிழன் நுழைந்தது ஆடி மாதம். முதல் நாள் ஒரே மின்தூக்கியில் அவனும் பெனிலாவும் கேசவும் ஏறினார்கள். நிறைமதி பின்னால் நின்றாள். ஹெப்சிபா மேடமும் இருந்தார். பெனிலாவின் கோட்டு தோளில் சற்றே பெரிதாக இருந்தது.

மேடத்துக்குப் புதியவர்களிடம் எண் கேட்கிற பழக்கம் உண்டு. அதிக எண்காரர்களை அன்றைக்குத் தன்னோடு சாப்பிட அழைப்பார்.

"உனக்கு எவ்வளவும்மா?"

"எண்பத்தொம்பது மேடம்."

"அடேயப்பா. தம்பி, உனக்கு?"

"நாப்பத்தி நாலு மேடம்."

"அவ்வளவுதானா?" என்றார் மேடம், பாவப்பட்டு.

மகிழன் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

"மீதிய எங்க அக்கா ஏற்கெனவே நடந்து முடிச்சுட்டாங்க மேடம்."